நாலாயிரத்து நூற்றுப் பதினாறு அணில்கள்

கீழவல்லநேரி துணைமின் நிலையத்தின் பதிவேடுகளை நம்புவதானால், அந்த வட்டாரத்து அணில்கள் முப்பது ஆண்டுகளில் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு முறை மின்கம்பியில் விழுந்து கரண்டை நிறுத்தியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவை விழுவதில்லை. பொங்கலுக்கும் மே தினத்துக்கும் விழுவதில்லை. மதியம் ஒன்று முதல் இரண்டு வரை, அதாவது சாப்பாட்டு நேரத்தில், ஒரே ஒரு அணில்கூட விழுந்ததாகத் தகவல் இல்லை. இத்தனை ஒழுக்கமான பிராணிகள் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்பதிலிருந்தே, அந்தப் பதிவேடுகளை எழுதினார்களே தவிர யாரும் படித்ததில்லை என்பது விளங்கும்.

எழுதியவர்களில் முக்கியமானவர் பரஞ்சோதி. இருபத்தேழு வருஷமாக அங்கே ஷிப்ட் ஆபரேட்டர். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஊரை இருட்டாக்குகிற வேலையைப் பார்க்கிறாரே என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

சட்டப்படி ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறவேண்டுமானால் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். இன்ன பாதையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம், தைரியமாக ஏறலாம் என்கிற அனுமதிச் சீட்டு அது. அதற்கு மூன்று கையெழுத்து. மூன்றாவது கையெழுத்துக்காரர் மாவட்டத் தலைநகரில் எப்போதும் ஒரு கூட்டத்தில் இருப்பார். கம்பி அதுவரை கருகாமல் காத்திருக்குமா? ஆகவே லைன்மேன் உச்சிமாகாளி போனை எடுப்பார்.

"அண்ணாச்சி, கீழத்தெரு லைனைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு அரை மணி நேரம்."

"நிறுத்திட்டேன் வே. ஏறிக்கோ."

"என்ன எழுதுவிய?"

"அணில்தான். வேற என்னத்த எழுத, உன் பேரையா?"

இப்படித்தான் அணில்கள் பெருகின. வேலை முடிந்ததும் பரஞ்சோதி 'அணில் அகற்றப்பட்டது' என்று நேரத்தோடு எழுதிவிட்டு மின்சாரத்தைக் கொடுப்பார். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பத்தில் ஏறியவனே போனில் வரவேண்டும். வேறு யார் வந்து முடிந்தது என்று சொன்னாலும் செல்லாது. அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"கால் எங்க?"

"மண்ணுலதான் அண்ணாச்சி."

அதன் பிறகுதான் லைனைப் போடுகிற ஹேண்டிலில் கை வைப்பார். இந்த வழக்கம் பதினோரு வருஷத்துக்கு முன் வந்தது. வேறொருவருடைய ஷிப்டில் சுடலைமுத்து என்கிற ஒப்பந்தத் தொழிலாளி கம்பத்தின் மேலே இருக்கும்போது, கீழே நின்ற எவனோ பக்கத்துக் கம்பம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு முடிந்தது என்று போனில் சொல்லிவிட்டான். ஆபரேட்டர் கரண்டைக் கொடுத்துவிட்டார். சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாளுக்கு அதே துணைமின் நிலையத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை போட்டுக் கொடுத்தார்கள். பரஞ்சோதி போனில் "கால் எங்க?" என்று கேட்கும்போதெல்லாம் அவள் விளக்குமாறு நின்றுவிடும். பதில் வந்த பிறகுதான் மறுபடி பெருக்குவாள். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த நிலையில்தான் தென்கரை மின்கழகம் கீழவல்லநேரியை மேம்படுத்த முடிவு செய்தது. கடற்கரையில் ஹைட்ரஜன் ஆலை வந்துவிட்டது, தகவல் கிடங்குகள் மூன்று வந்துவிட்டன. அவற்றுக்கு ஒரு நொடி கரண்ட் போனாலும் தலைநகரத்தில் யாருக்கோ காய்ச்சல் வந்துவிடும். நூற்றுப்பத்து கிலோவோல்ட் நிலையம் இருநூற்று முப்பது ஆயிற்று. கோயில் தேர் அளவுக்கு இரண்டு புதிய மின்மாற்றிகள் வந்து இறங்கின. எல்லாவற்றையும் நடத்த 'சுடர்' என்று ஒரு செயற்கை மூளை வந்தது. எந்தப் பாதையில் பழுது வந்தாலும் மூன்றே நொடியில் வேறு பாதையில் கரண்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். கையால் திருகுகிற ஹேண்டில்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஹேண்டிலில் மாட்டுகிற 'ஆள் வேலை செய்கிறார்' என்ற சிவப்புப் பலகைக்கு இனி மாட்ட இடமில்லை. அது பேச்சியம்மாளின் தண்ணீர்ப் பானைக்கு மூடியாயிற்று.

சுடரைக் கொண்டுவந்து நிறுவியவர் ஜெஸிந்தா. உதவிச் செயற்பொறியாளர். முப்பது வயதுதான் இருக்கும், கடற்கரை ஊர்க்காரப் பெண். வேலையில் கெட்டி, பேச்சில் மரியாதை. ஒரு நாள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சார், ஏன் சார் உங்க ஊர்ல மட்டும் இவ்வளவு அணில்?"

பரஞ்சோதிக்கு டீ புரையேறியது. "அதெல்லாம் பழைய நோட்டு மேடம். அதப் போயி எதுக்குப் பாக்கிய?"

"நான் பாக்கல சார். சுடர் பாத்துச்சு. நாங்க அதுக்கு விதி எதுவும் சொல்லிக் கொடுக்கலயே. உங்க முப்பது வருஷப் பதிவேட்டை அப்படியே படிக்கக் கொடுத்தோம். எது நடந்தா நீங்க என்ன செஞ்சீங்க, எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். நீங்க எழுதினதுதான் அதுக்கு வேதம்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. முப்பது வருஷமாகப் பொய்ப் பதிவு எழுதினோம் என்று ஒப்புக்கொண்டால் தான் மட்டுமா, உச்சிமாகாளியும் மற்ற லைன்மேன்கள் பத்துப் பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"வேப்பமரம் ஜாஸ்தி மேடம்," என்றார்.

"ஓ," என்று ஜெஸிந்தா அதையும் குறித்துக்கொண்டார்.

முதல் மாதம் ஊர் சொர்க்கமாக இருந்தது. மிக்சி நிற்கவில்லை, சீரியல் நிற்கவில்லை. தலைமை அலுவலகத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் தடையின்மை மதிப்பெண் போட ஒரு பெரிய திரை வைத்தார்கள். கீழவல்லநேரிக்கு நூற்றுக்கு நூறு. லைன்மேன்கள்தான் கம்பத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏனென்றால் லைன் கிளியரை இப்போது சுடரிடம்தான் கேட்க வேண்டும். மூன்று கையெழுத்து வேண்டாம், ஒரு விநாடியில் பதில் வரும். 'கோரிக்கை ஏற்கப்பட்டது. உகந்த நேரம்: அடுத்த மாதம் 19, அதிகாலை 3.10 முதல் 3.22 வரை.'

உச்சிமாகாளி செல்போனைப் பரஞ்சோதியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "என்ன அண்ணாச்சி இது? பள்ளிக்கூடத்து வாசல்ல ஜம்பர் கம்பி கருகி ஒத்த இழையில தொங்குது. பிள்ளைக தலையில விழுகதுக்கு முன்ன அதை அவுக்கணும். இது அடுத்த மாசங்குது. அதுவும் விடியக்காலம் மூணு மணிக்கு. அந்நேரம் ஆந்தைதான் ஏறும்."

"அது கணக்குப் போட்டுப் பாக்கும் வே. எப்ப நிறுத்துனா மதிப்பெண் கொறையாதோ அப்பத்தான் விடும்."

"மதிப்பெண்ணு நல்லாத்தான் இருக்கு. ஜம்பர்ட்ட யாரு சொல்லுதது?"

பரஞ்சோதி திரை முன் உட்கார்ந்தார். அதில் அவருக்கென்று விட்டு வைத்திருந்தது 'நிகழ்வைத் தெரிவி' என்ற ஒரே பகுதிதான். தட்டினால் ஒரு பட்டியல் வரும்: மரக்கிளை, பட்டம், மயில், பாம்பு, அணில், மனிதர். கடைசியில் பொடி எழுத்தில் 'உயிருடன் வனவிலங்கு (அதிகாரி கைரேகை தேவை)' என்று ஒன்று. புதிய மின்பாதை மான்கள் திரிகிற காட்டோரமாகப் போவதால் சுற்றுச்சூழல்காரர்கள் போட்ட நிபந்தனை அது. போட்டவர்களே அதை மறந்திருப்பார்கள்.

உச்சிமாகாளியைக் கம்பத்தடியில் நிற்கச் சொன்னார். ஏறக்கூடாது, சோதனைக் கோலை வைத்துக் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் போதும். முதலில் மரக்கிளையைத் தட்டினார். லைன் நின்றது. மூன்று நொடியில் வந்துவிட்டது. பாம்புக்கு ஒரு நிமிஷம். மயில் தேசியப் பறவை என்பதற்காக ஒன்றரை. பிறகு, விரல் பழக்கத்தில், அணிலைத் தட்டினார்.

லைன் நின்றது. மூன்று நொடி போயிற்று. மூன்று நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. 'அணில் அகற்றப்பட்டதை உறுதி செய்யவும். அதுவரை காத்திருக்கிறேன்.'

பரஞ்சோதி அதை இரண்டு தரம் படித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் அந்தப் பதிவேட்டை ஒரு ஆத்மா படித்திருக்கிறது. படித்தது மட்டுமல்ல, அணில் அகற்றப்பட்டது என்று எழுதாமல் இந்த ஆள் ஒரு முறைகூடக் கரண்டைக் கொடுத்ததில்லை என்று புரிந்துகொண்டு, தானும் அப்படியே நின்றிருக்கிறது. வருஷக்கணக்கில் மேலதிகாரிகளுக்கு விளங்காத ஒன்று இயந்திரத்துக்கு விளங்கியிருந்தது, என்ன ஒன்று, அது அணிலைப் பற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தது.

"ஏறிக்கோ வே," என்றார் போனில். "அணில் வந்துட்டு."

நாலு மாதம் அணில்கள் பழையபடி விழுந்தன. தலைமை அலுவலகத்துப் பெரிய திரையில் எல்லா நிலையமும் நூறாக நிற்க, கீழவல்லநேரி மட்டும் தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. குழு போட்டார்கள். குழு வந்து மட்டன் சாப்பிட்டுவிட்டு, அணில்தான் காரணம் என்று கண்டுபிடித்தது. வேப்பமரங்களை மொட்டையடித்தார்கள். மனிதக் காதுக்குக் கேட்காத, நாய்க்கு மட்டும் பைத்தியம் பிடிக்கவைக்கிற ஊதுகருவிகளை வைத்தார்கள். அணில் பிடிக்க ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். ஒரு மாதத்தில் இரண்டு பிடித்துக் காட்டினார். அதில் ஒன்று அவரே வெளியூரிலிருந்து கூண்டில் கொண்டுவந்தது என்று உச்சிமாகாளி சத்தியம் செய்தார். கடைசியில் நிஜ அணில்கள் எல்லாம் பயந்து ஊரைவிட்டுப் போய்விட்டன. ஆனாலும் வாரத்துக்கு மூன்று விழுந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஜெஸிந்தா சிரித்த முகமாக உள்ளே வந்தார்.

"நல்ல சேதி சார். இனிமே உங்களுக்கு அணில் தொல்லை இல்ல."

"எப்படி மேடம்?"

"அணிலே இல்லாத ஊர்ல அணில் விழுதுன்னா அது தப்புத் தகவல்தானேன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. பதினோரு மணிக்குச் சுடருக்கு மாற்றம் வருது. அதுக்கப்புறம் அணிலுக்கும் மூணு நொடிதான். அந்த நேரத்துல ஏதாவது அணில் பாக்கி இருந்தா, அதையும் மூடி லைனைக் கொடுத்துரும்."

அந்த நேரத்தில் ஒரு அணில் பாக்கி இருந்தது. அது பத்தரை மணிக்கு ரயில்வே கேட் பக்கத்துக் கம்பத்தில் ஏறியிருந்தது. வேலை செய்யும்போது போன் கூடாது என்பது புதிய பாதுகாப்பு விதி, ஆகவே அதன் போன் பைக் பெட்டிக்குள் கிடந்தது.

பரஞ்சோதி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பத்தாறு. வழக்கமாக இந்த வேலைக்கு இருபது நிமிஷம் போதும். இப்போது இறங்கிவிடுவான். இறங்கிவிட்டால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். போனை அடித்தார், எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். இப்படி அவர் நாலு நிமிஷத்தை வீணாக்கினார். அந்த நாலு நிமிஷத்துக்காகச் சாகும்வரை தன்னை மன்னிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"மேடம்," என்றார். "அது அணில் இல்ல."

"எது சார்?"

"ரயில்வே கேட் லைன்ல இப்ப இருக்கது. அது நம்ம உச்சிமாகாளி."

ஜெஸிந்தாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "போன வாரம் விழுந்தது?"

"அதுவும் ஆளுதான்."

"அந்த நாலாயிரத்துச் சொச்சம்?"

"எல்லாமே ஆளுதான் மேடம். ஒண்ணோ ரெண்டோ நெசமாவே அணிலா இருந்திருக்கும். என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. அந்த மாத்தத்த மட்டும் நிறுத்துங்க."

திட்டுவதற்கு ஜெஸிந்தாவுக்கு நேரமில்லை. ரயில்வே கேட்டுக்கு வண்டியில் போக இருபது நிமிஷம் ஆகும். தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார். ஒருவர் மாற்றி ஒருவர் கொடுத்து, மூன்றாவது ஆள் நிதானமாகக் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அதே நிதானத்தோடு, மாற்றத்தை நிறுத்தத் தனக்கு அதிகாரமில்லை என்றார். "ஆனா பிரச்சினை இல்லையே மேடம். கம்பத்துல மனுஷன் இருக்கார்னா மனிதர்னு பதிவு பண்ணுங்க. அதுக்குத்தான் பட்டியல்ல தனி வரிசை இருக்கே."

மணி பத்து ஐம்பத்தேழு. ஜெஸிந்தாவுக்கு உயிர் வந்தது. அணில் பதிவை மாற்றி 'மனிதர்' மேல் விரலைக் கொண்டுபோனார்.

"அத அமுக்காதிய, அம்மா."

வாசலில் பேச்சியம்மாள் விளக்குமாற்றோடு நின்றாள். அந்த அறையில் அதிகாரி இருக்கும்போது அவள் வாய் திறந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு அதத்தான் எழுதுனாவ. நாலு நிமிசத்துல லைன் வந்துட்டு."

ஜெஸிந்தா பரஞ்சோதியைப் பார்த்தார். பரஞ்சோதி தலையை ஆட்டினார். "ஆமா மேடம். ஆளை எறக்குனதும் மேலேருந்து போன். போனது போச்சு, கரண்டும் இல்லன்னா சனம் ரோட்டுக்கு வந்துரும், லைனைப் போடுன்னாக. அப்படித்தான் எல்லா நிலையத்துலயும். ஆளு செத்தா சீக்கிரம் போட்டுருவாங்க."

ஜெஸிந்தா அந்த வரிசைக்குப் பக்கத்திலிருந்த சிறிய அம்புக்குறியைத் தட்டிப் பார்த்தார். சுடர் கற்றுக்கொண்டது அங்கே சுத்தமாக எழுதியிருந்தது. 'மனிதர்: சராசரி மறு இணைப்பு 4 நிமிடம். அகற்றியதை உறுதி செய்யத் தேவையில்லை.'

சுடரைக் குறை சொல்ல முடியாது. அது படித்ததைத்தான் சொன்னது. ஜெஸிந்தா விரலை எடுத்துக்கொண்டார். மணி பத்து ஐம்பத்தெட்டு. பட்டியலைக் கீழே தள்ளினார், கடைசியிலிருந்த பொடி எழுத்து வந்தது. 'உயிருடன் வனவிலங்கு.' தட்டினார். சுடர் கேட்டது: இனம்?

"அணில் வனவிலங்கா மேடம்?" என்றார் பரஞ்சோதி.

"இன்னைலேருந்து ஆமா," என்று சொல்லிக்கொண்டே ஜெஸிந்தா 'அணில்' என்று எழுதினார். எண்ணிக்கை?

"இந்தப் பிரிவுல எத்தனை லைன்மேன் சார்?"

"மாகாளியோட சேத்து பதினொண்ணு."

பதினொன்று என்று எழுதினார். நிலை? உயிருடன். கைரேகை கேட்டது. ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு பெருவிரலை அழுத்தி வைத்தார். அது அவருடைய முதல் அணில்.

பதினோரு மணி ஆயிற்று. திரை ஒரு முறை இருண்டு வெளுத்தது. மாற்றம் வந்து இறங்கிவிட்டது. எல்லாப் பாதையும் பச்சையாக எரிந்தது, ஒன்றைத் தவிர. ரயில்வே கேட் சிவப்பிலேயே நின்றது. 'பாதுகாக்கப்பட்ட உயிரினம். அது தானாக வெளியேறும்வரை மின் இணைப்பு இல்லை.'

பதினொன்று ஏழுக்கு போன் அடித்தது. பரஞ்சோதி எடுத்தார். அவரால் கேள்வியைக் கேட்கவே முடியவில்லை. அந்தப் பக்கம் உச்சிமாகாளி, "என்ன அண்ணாச்சி, ஒம்பது தடவை கூப்பிட்டிருக்கிய. கால் மண்ணுலதான், கேளுங்க," என்றார்.

ஜெஸிந்தா மேலே புகார் எழுதவில்லை. அன்று மாலை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மூன்று வரி எழுதினார், கிழித்துப் போட்டார். பதிவேட்டைத் திருத்தி அணிலெல்லாம் மனிதர்கள் என்று சுடருக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று இப்போது அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் லைன்மேன்கள் பதினொரு பேரையும் கூப்பிட்டு, கம்பத்தில் ஏறுகிறவர் தனக்கோ பரஞ்சோதிக்கோ சொல்லாமல் ஏறக்கூடாது என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து தன் பெருவிரலைக் கேட்டபோதெல்லாம் கொடுத்தார்.

வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். அணில் எதையும் காணாமல், மரம் மொட்டையாக நிற்பதைக் கண்டு மனம் நொந்து, மின்கழகத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதிவிட்டுப் போனார். ஊதுகருவிகளைக் கழற்றினார்கள். வனவிலங்குக்காக நிறுத்துகிற நேரம் மதிப்பெண்ணில் சேராது என்பது அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கீழவல்லநேரி மறுபடி நூற்றுக்கு நூறு ஆயிற்று. தடையின்மைக்கும் பல்லுயிர் நேயத்துக்கும் சேர்த்து விருது கொடுத்தார்கள். விஷயம் மெல்லப் பரவி மற்ற நிலையங்களிலும் அணில்கள் தென்படத் தொடங்கின. ஒரு மரம்கூட இல்லாத உப்பளத்து நடுவே உள்ள நிலையத்தில் பதினேழு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

விருது வந்த வாரத்தில் வாசலில் ஒரு பச்சைப் பலகை நட்டார்கள். பேச்சியம்மாள் வாசலைப் பெருக்கிக்கொண்டே அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அணில்கள் வாழிடம். இவற்றின் உயிருக்குத் தீங்கு விளைவிப்பது தண்டனைக்குரிய குற்றம்."

விளக்குமாற்றைப் படியில் ஒரு தட்டுத் தட்டினாள். படியில் உட்கார்ந்திருந்த பரஞ்சோதியிடம், ஊர்ச் செய்தி சொல்கிற குரலில் சொன்னாள்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரரையும் அணில்னு எழுதியிருந்திருக்கலாம், அண்ணாச்சி."

சொல்லிவிட்டு மறுபடி பெருக்கத் தொடங்கினாள். அதற்குள் பரஞ்சோதியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"கால் எங்க?" என்றார்.

பேச்சியம்மாளின் விளக்குமாறு நின்றது.